ஏழு நாளும் முப்பது நாளும்

மாரி மழை தொடங்கிவிட்டது. போன மாரியில் என் வகுப்பில் நடந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

தரம் 8 மாணவன் ஒருவனுக்கு டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில். அவனுடைய உம்மா வார்ட் வாசலில் அழுதுகொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், குணமாகி வந்தான். வந்த அன்றே கேட்டான்:

"சேர், முட்டை நுளம்பாக ஏழு தொடக்கம் பத்து நாள் எண்டு நீங்கதானே படிச்சித் தந்தீங்க. நாம சிரமதானம் மாசத்துக்கு ஒருக்காத்தானே செய்ற?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று வருடா வருடம் கரும்பலகையில் வரைபவன் நான். சிரமதானத்துக்கு நாள் குறித்த குழுவிலும் நான்தான் இருந்தேன். இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மழை எப்போது வரும் என்பது புவியியல் டீச்சருக்குத் தெரியும். முப்பது நாளுக்குள் முட்டை நுளம்பாவதற்கு மூன்று தடவை நேரம் இருக்கிறது என்று கணித சேர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். மணி அடித்தால் புத்தகத்தை மூடுகிறோம். நுளம்புக்குப் பாடவேளை கிடையாது.

1854இல் லண்டனில் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவை ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே கூடியிருந்தன. வைத்தியமும் வரைபடமும் சேர்ந்த இடத்தில்தான் உண்மை பளிச்சென்று தெரிந்தது.

நாங்களும் மாற்றினோம். ஒவ்வொரு வியாழனும் கடைசிப் பாடவேளை துப்பரவு. எங்கெங்கே குடம்பி கண்டோம் என்று பிள்ளைகளே பாடசாலை வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். முதல் வாரம் அதிகம் கிடைத்தது பின்பக்கத்துப் பீலியிலும், ஆசிரியர் அறைப் பூச்சாடித் தட்டிலும்தான். வெட்கமாக இருந்தது.

வீட்டில் செய்வோருக்கு ஒன்று: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பீப்பாய், வாளி, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சிரட்டை, யோகட் கோப்பைகளை அப்புறப்படுத்துங்கள்.

கிழமையில் ஒருநாளைக் குறித்து வையுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நம் கண்ணில் படாதது அவர்கள் கண்ணில் படும்.