ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

வெண்கட்டியைத் தவிர வேறொரு கருவியைக் கையிலெடுத்துப் பழகாத ஆசிரியன் ஒருவன், மோட்டார் எஞ்சினைத் துடைத்த கதையை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அந்த ஒரு நாளில் நான் கற்றதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

என்னிடமுள்ளது ஒரு மொறிஸ் மைனர். என் தாய்மாமன் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓட்டிய வண்டி. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அங்கே அரும்பொருளாகிவிட்ட காலத்தில், காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயிலேயே ஓட்டினார்கள். மாமாவின் வண்டியும் அவ்வாறு ஓடியதே. அவர் மறைந்தபின் அது தாழ்வுபாட்டில் என் வீட்டு முற்றத்தை வந்தடைந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலோ, மாதக்கணக்கில் அசையாது நின்றுவிட்டது.

கடலோரத்தில் அசையாது நிற்கும் இரும்புக்கு நேர்வது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு கலந்த ஈரம் படிந்தால் துரு விரைந்து பரவும். செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் முன்மூடியைத் திறந்தேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கில் கடல் மணல் அப்பிக் கிடந்தது. பற்றரியின் முனைகளில் வெண்மையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தது. வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய் ஒரு போத்தல் வீட்டில் இருந்தது. அதனை எடுத்துக்கொண்டேன்.

தூரிகையை எண்ணெயில் தோய்க்கும் வேளையில் அயல்வீட்டுக் கடற்றொழிலாளி தம் மகனோடு படலையைத் திறந்து வந்தார்.

"மாஸ்டர், அது மண்ணெண்ணெயோ?"

"ஓம் அண்ணன். பிசுக்கை இதுதான் கரைக்கும்."

அவர் போத்தலைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "முக்கால் லீற்றர். இருநூற்றைம்பத்தைந்து ரூபா" என்று தமக்குள்ளே சொல்வது போலச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதும் இல்லை. அதற்கு முந்திய மாதந்தான் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது. இக்கரையின் சிறு படகுகள் பல பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. எண்ணெய்ச் செலவுக்கேனும் மீன்பாடு கிடைக்குமோ என்று ஐயுற்று, அவருடைய படகும் கரையேறிக் கிடந்தது. அவர் கடலுக்குப் போக வழியில்லாது நின்ற பொருளால் நான் அழுக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் என் வகுப்பு மாணவன், பதினோராந் தரம். இரண்டு வாரங்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. அவனுடைய பெயருக்கு நேரே நாள்தோறும் வராமைக் குறியிட்டேனேயன்றி, காரணத்தை நான் கேட்டதில்லை. "சோம்பேறி" என்று வகுப்பில் ஒருமுறை சொல்லியும் இருக்கின்றேன்.

"சேர், மண்ணெண்ணெய் றப்பர்க் குழாயை ஊதப்பண்ணிக் கெடுத்துப்போடும். சவர்க்காரத் தண்ணி காணும்" என்றான் அவன்.

என் விடைக்குக் காத்திராமல் பற்றரியின் இணைப்பைக் கழற்றினான். காபரேற்றரையும் மின்பொறி பகிரும் மூடியையும் பொலித்தீன் பையால் இறுகக் கட்டினான். சவர்க்கார நீரைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பழைய பற்தூரிகையால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தான். நீரை வீசி ஊற்றாமல் மெல்ல வழியவிட்டுக் கழுவினான். அப்பச்சோடா கரைத்த நீரைப் பற்றரி முனைகளில் விட, அது நுரைத்துப் பொங்கிப் பூஞ்சணம் போன்ற அப்படிவைக் கரைத்தது. அமிலத்தைக் காரம் முறிக்கும் என்று ஒரு காலத்தில் நான் மனனம் செய்து புள்ளி வாங்கிய பாடம் அது. எல்லாம் துடைத்து, வெயிலில் உலரவிட்டு, முனைகளைப் பூட்டிக் கிறீஸ் பூசினான்.

"எங்கே பழகினாய்?" என்று கேட்டேன்.

"ரவுனிலை, சேர். வாகனம் கழுவுற இடத்திலை. நாட்கூலி."

தந்தை தலையைக் குனிந்துகொண்டார்.

போத்தலை அவரிடம் நீட்டினேன். "இனாமா வேண்டாம் மாஸ்டர், கடன்" என்றே வாங்கினார். வேறு இருவரின் எண்ணெயோடு சேர்த்து, மூவரும் ஒரே படகில் போனார்கள். மூன்றாம் வாரம் அதே போத்தல் நிரம்பி என் வாசலுக்கு வந்தது. கூடவே ஒரு பை சூடை மீனும்.

கொடையென்று நான் பெருமை கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஒரு போத்தலால் ஓர் ஊர் வாழ்ந்துவிடாது. மலிந்த விலைக்கு விற்றதால் நட்டம் என்று அன்று காரணம் காட்டினார்கள். அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கலாம். ஆனால், கரையில் கிடந்த படகையும், பரீட்சைக்கு ஆயத்தமாக வேண்டிய வயதில் பிறர் வாகனத்தைக் கழுவிய சிறுவனின் நாட்களையும் அக்கணக்கின் எந்தப் பத்தியில் எழுதினார்கள்?

பையன் மறுபடி வகுப்புக்கு வந்தான். முதலில் வாரத்தில் மூன்று நாட்கள். படகு ஒழுங்காக ஓடத் தொடங்கியபின் ஐந்து நாட்களும். உழைப்பின் உயர்வு பற்றி ஆண்டுதோறும் மாணவர்க்குக் கட்டுரை எழுதப் பணிக்கும் நண்பர்களே, வராமைக் குறி இடுமுன் அந்தப் பிள்ளையின் வீட்டுப் படலைவரை ஒருமுறை போய்வாருங்கள். நான் போகவில்லை. அவன்தான் என் படலையைத் திறந்து வந்தான்.