அப்பாவின் சைக்கிளுக்கு என்ன வயது?

பஃபலோ ரோட்டில் அம்மா வசிக்கும் புளோக்கின் கீழே, அப்பாவின் மவுண்டன் பைக்கில் ஒரு காகிதம் தொங்கியது. குறிப்பிட்ட தேதிக்குள் எடுக்காவிட்டால் சைக்கிள் அகற்றப்படும் என்ற அறிவிப்பு. அப்பா மறைந்து மூன்று ஆண்டுகள். “தூக்கிப் போட்டுடு, யாரு ஓட்டப் போறா?” என்றார் அம்மா.

எனக்கு மனம் வரவில்லை. “நீ பொறந்த வருஷம் வாங்கினதுடா. அசல் ஜப்பான் வண்டி” என்று அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். நான் பிறந்தது 1989. மலையேறும் சைக்கிள் என்று பெயர்தான். 163 மீட்டர் புக்கிட் தீமா பக்கம்கூட அது போனதில்லை. தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறிப் பைகளைத்தான் காலமெல்லாம் சுமந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தள்ளிக்கொண்டு சிராங்கூன் ரோட்டைக் கடந்தது என் தவறு. கூட்டத்தில் கைப்பிடி எல்லோரையும் இடித்தது. “வண்டி நல்லா இருக்குண்ணே, விக்கிறீங்களா?” என்று கேட்ட ஊழியர் ஒருவர், பதிலுக்குக் காத்திராமல் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து உதவினார். இரண்டு டயரிலும் காற்றில்லாமல் டன்லப் ஸ்திரீட்டில் நடப்பது ஒரு தனி வேடிக்கை. அப்துல் கஃபூர் பள்ளிவாசலைத் தாண்டி ஜாலான் புசார் போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

கடைக்கார சீன அங்கிள், 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் உதிரிபாகம் விற்றவர். பெயர் உரிந்துபோன சைக்கிளை அவர் தலைகீழாகக் கவிழ்த்தார். “ஜப்பான்” என்று நான் காட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தார். அது ‘டாங்கே’ என்ற ஜப்பானிய நிறுவனம் குழாய்க்கு ஒட்டியதாம். பெடல் அச்சுக்கு அடியில் அழுக்கைச் சுரண்டியதும், ஃபிரேம் செய்த ஊர் தெரிந்தது: தைவான்.

பின் கியர் மாற்றியைத் துடைத்தார். ‘ஷிமானோ’, அதன்கீழ் ‘சிங்கப்பூர்’! ஜப்பானின் சக்காய் நகரில் 1921இல் தொடங்கிய அந்நிறுவனம், வெளிநாட்டில் தன் முதல் உற்பத்தி ஆலையை அமைத்தது இங்கேதான், 1973இல். அப்பா பெருமையாகச் சொன்ன ஜப்பான் சாமானில் ஒரு பகுதி, தேக்காவிலிருந்து ஒரு எம்ஆர்டி பயண தூரத்தில் செய்யப்பட்டது.

வயதைச் சொன்னது கிராங்கின் உட்பக்கம். ஷிமானோ பாகங்களில் இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெழுத்து ஆண்டு: 1976க்கு ‘ஏ’, அடுத்த ஆண்டுக்கு ‘பி’ என்று வரிசையாகப் போகும். இரண்டாவது மாதம்: ஜனவரிக்கு ‘ஏ’, டிசம்பருக்கு ‘எல்’. எங்கள் கிராங்கில் ஆங்கில ‘பீ’யும் ‘சீ’யும். விரல்விட்டு எண்ணினேன். பதினாறாவது எழுத்து ‘பீ’. 1991 மார்ச்.

விடவில்லை நான். வானொலியில் பாடல் வெளிவந்த ஆண்டை இரண்டு முறை சரிபார்த்துப் பழகிய புத்தி. 26 எழுத்துகள் முடிந்ததும் 2002இல் மறுபடி ‘ஏ’ வருவதால், ‘பீ’ என்பது 2017ஆகவும் இருக்கலாமே? அங்கிள் பிரேக்கைக் காட்டினார். பழைய கான்டிலீவர் வகை. 1996இல் வி-பிரேக் வந்தபின் அது மெல்ல மறைந்துவிட்டது. கிராங்கை மட்டும் பின்னால் மாற்றியிருந்தால்? முன், பின் கியர் மாற்றிகளையும் திருப்பிப் பார்த்தோம். மூன்றிலும் ‘பீ’. ஒரு பாகம் பொய் சொல்லலாம். மூன்றும் சேர்ந்து சொல்லாது.

நான் பிறந்த ஆண்டு இல்லை. 1991 நவம்பரில் பிறந்தவள் என் தங்கை.

கடை வாசலில் நின்றே அவளை அழைத்தேன். “உன் சைக்கிளைத்தான் இத்தனை வருஷமா என்னோடதுன்னு சொல்லியிருக்காரு” என்றேன்.

“எனக்கும் நான் பொறந்த வருஷம்னுதான் சொன்னார். அண்ணன்கிட்ட சொல்லாதேன்னு வேற சொல்லி வெச்சிருந்தார்” என்றாள்.

இரண்டு டியூப், புது பிரேக் ரப்பர் போட்டு, திரும்பும்போது ஓட்டியே வந்தேன். காகிதத்தைக் கழற்றிவிட்டேன். சனிக்கிழமை தங்கை வருகிறாள்; சைக்கிளை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று தொலைபேசியிலேயே சண்டை தொடங்கிவிட்டது.