பிறந்த ஊர்

கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகும் சீரகமும் விற்றுக்கொண்டிருந்தவர் என் சித்தப்பா. அவருக்கு வந்தது வைரஸால் வரும் ஒரு ரத்தப் புற்று. வயது வந்தவர்களின் டி-செல் லுகீமியா என்று அரைகுறையாகச் சொல்லிக்கொள்ளலாம். முதலில் தோலில் தடிப்பு, களிம்பு கொடுத்தார்கள். பிறகு கழுத்தில் கட்டிகள். நம் பக்கம் கழுத்துக்கட்டி என்றால் டி.பி.தான்; ஆறு மாத மாத்திரை. கடைசியில் தீராத தாகம், மலச்சிக்கல், பிதற்றல். ரத்தத்தில் கால்சியம் ஏறியதன் வேலை.

ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்த ஓர் இளம் டாக்டர்தான் சந்தேகப்பட்டார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளணுவின் உட்கரு இதழ்இதழாகப் பிரிந்திருந்தது. மருத்துவத்தில் இதற்குப் பெயரே பூ அணு. நம் கவிஞர்கள் கையில் இது சிக்கினால் என்ன பாடுபடும் என்று நினைத்தேன். டாக்டருக்கு அது படிமமில்லை, தடயம். அதுவும் போதாத தடயம். வைரஸுக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு எழுதிக்கொண்டே கேட்டார்: "இவரோட அம்மா எந்த ஊருங்க?"

1977இல் கியோட்டோவில் தகாட்சுகியும் சகாக்களும் இந்நோயைத் தனியாக அடையாளம் கண்டபோது, நோயாளிகளில் பெரும்பாலோர் தெற்கே கியூஷுவில் பிறந்தவர்கள் என்பதைக் கவனித்தார்கள். அமெரிக்காவில் காலோவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வைரஸ் பற்றிய செய்தி வந்தது 1980இல். ஊர் முதலில், கிருமி பிறகு. தாய்ப்பாலில் வந்து, பல பத்தாண்டுகள் பேசாமல் கிடந்து, சுமப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குள்தான் புற்றாகிறது. உடலுறவிலும் ரத்தத்திலும் தொற்றும். ஜப்பானில் 1986 முதல் தான ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். நம் ரத்த வங்கிகளில் இந்தச் சோதனை கட்டாயமில்லை. வேர், மரபு, மூதாதை என்று நாம் சளைக்காமல் எழுதியிருக்கிறோம். பாட்டி பிறந்த ஊர் எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பொருள் இருந்தது. சித்திக்கும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சித்தப்பாவுக்கு அன்று தெளிவிருந்தது. "எனக்கு வந்தது என்னோட போகட்டும், அவளை எதுக்கு?" என்றார். அவர் மகள் கைக்குழந்தையோடு நின்றாள். "நான் பால் குடுக்கலாங்களா டாக்டர்?"

சித்தி யாரையும் கேட்காமல் ரத்தம் கொடுக்கப் போனாள். சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முடிவு வர நாளாயிற்று. சித்திக்கு இல்லை என்று வந்தது, மகளுக்கும் இல்லை. சொல்லப் போனபோது அவர் யாரையும் அடையாளம் காணும் நிலையில் இல்லை. மகள் இரண்டு தடவை காதருகில் சொன்னாள்.