எழுபது வளைவுகளும் ஒரு பின் சீட்டும்

காரவள்ளி அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை ஒரு சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அந்தச் சுவரில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். சேலத்தில் குடியிருக்கும் எனக்கு இது ஒன்றரை மணி நேரத் தூரம்தான். ஒன்பது வருடத்தில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அத்தனை முறையும் என் பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். வளைவு எண்ணைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவது அவள் வழக்கம். நாற்பதுக்கு மேல் தூங்கிவிடுவாள் என்பது வேறு விஷயம்.

அப்போது எங்களிடம் இருந்தது தண்டர்பேர்டு 350. வெறும் வண்டியே 192 கிலோ. அதற்கு மேல் முன்னால் ஒரு கிராஷ் கார்டு, இரண்டு பக்கமும் பைகள், பின்னால் அவள் சாய்ந்துகொள்ள ஒரு பேக் ரெஸ்ட். இருபது லிட்டர் டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்பினால் பெட்ரோல் பங்கைப் பற்றி அன்றைக்கு நினைக்கவே வேண்டாம். தெருவில் எனக்குப் பெயரே 'புல்லட் சார்' என்று ஆகிவிட்டது. அது புல்லட் இல்லை என்று நானும் சில காலம் விளக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

போன வருடம் மனைவிக்கு முழங்காலில் தேய்மானம் என்றார் டாக்டர். காலைத் தூக்கிப் போட்டு உயரமான சீட்டில் ஏறுவதும், மடக்கிய காலோடு மணிக்கணக்கில் உட்காருவதும் கூடாது. கடைத்தெருவுக்கு அவளுடைய ஸ்கூட்டரிலேயே போகலாம். மலையேற்றம் நின்றது.

நான் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்தேன். சோளக்காட்டில் பழச்சந்தைக்குப் பக்கத்தில், சரிவான இடம் என்று கவனிக்காமல் ஸ்டாண்டு போட்டேன். இறங்கித் திரும்புவதற்குள் வண்டி மெதுவாக, ஒரு யானை படுப்பதுபோலச் சாய்ந்தது. தூக்கிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதுக்கு அது நகரவில்லை. அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாவும் இரண்டு பையன்களும் வந்து நிமிர்த்தினார்கள். "பின்னாடி அக்கா வரலீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. அந்தக் கேள்விதான் வண்டியைவிடக் கனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி யோசிக்கவே இல்லை.

"என்னங்க, எனக்காகத்தானே இவ்ளோ பெரிய வண்டி? நானே ஏறப் போறதில்லைன்னா எதுக்கு அதைக் கட்டி மேய்க்கிறீங்க? சின்ன வயசுல ஆர்எக்ஸ் 100 ஓட்டினேன், ஆர்எக்ஸ் 100 ஓட்டினேன்னு சொல்வீங்களே, அந்த மாதிரி உங்களுக்குப் பிடிச்சதா ஒண்ணு வாங்கிக்குங்க."

ஆர்எக்ஸ் 100 இப்போது கிடைப்பதும் கஷ்டம். கிடைத்தாலும் சொல்கிற விலை பயமுறுத்துகிறது. அலைந்து கடைசியில் ஒரு அப்பாச்சி ஆர்ஆர் 310 கைக்கு வந்தது. 2021 மாடல், ஒருவர் பயன்படுத்தியது. நம் ஓசூரில் தயாராகும் வண்டி. சிவப்பு நிறம். தெருப் பையன்கள் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மனைவி பின் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சீட்டா, ஊசி குத்தி வைக்கிற தலையணையா?" என்றாள்.

வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சில கணக்குகளைச் சொல்கிறேன். இதன் எடை 174 கிலோ. அதாவது பழையதைவிடப் பதினெட்டு கிலோதான் குறைவு. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஓட்டும்போது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பழைய வண்டியின் முன் சக்கரம் 19 அங்குலம். இதில் இரண்டுமே 17. முன் ஃபோர்க் நிமிர்ந்து நிற்கிறது, சக்கரங்கள் லேசானவை. எனவே தண்டர்பேர்டு திரும்புவதற்கு முன்னால் ஒரு முறை யோசிக்கும். இது நாம் நினைத்து முடிப்பதற்குள் திரும்பியிருக்கும்.

இன்னொரு கணக்கு என்னை ஏமாற்றிவிட்டது. இழுவிசை. டார்க் என்கிறோமே, அது. பழையதில் 28 நியூட்டன் மீட்டர். புதியதில் 27.3. ஒன்றுதானே என்று நினைத்தேன். பழைய வண்டி அந்த இழுவையை 4,000 சுற்றிலேயே கொடுத்துவிடும். புதியது 7,700 சுற்றுக்குப் போனால்தான் கொடுக்கும். இந்த வித்தியாசம் காகிதத்தில் புரியவில்லை. ஒன்பதாவது வளைவில் புரிந்தது.

அன்று ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக வழக்கம்போல வந்தேன். கையெல்லாம் வலி. இந்த வண்டியில் ஹேண்டில் தாழ்ந்திருக்கும், கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளியிருக்கும். உடம்பு பாரத்தை மணிக்கட்டில் போட்டுவிட்டால் அரை மணியில் விரல் மரத்துவிடும். தொடையால் டேங்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்து உட்கார வேண்டும். ஐம்பதுக்கு மேல் வயிற்றை இழுப்பது எவ்வளவு சிரமம் என்பது இழுத்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்பதாவது வளைவை, பழைய பழக்கத்தில் மூன்றாவது கியரிலேயே திருப்பினேன். தண்டர்பேர்டு என்றால் 'டக டக' என்று மூச்சு வாங்கி ஏறிவிடும். இது இரண்டு முறை உதறிவிட்டு நின்றுவிட்டது. நடு வளைவு, செங்குத்து ஏற்றம். இடது காலை ஊன்றி, பிரேக்கைப் பிடித்து, வியர்த்து, கிளட்சை விட்டு மறுபடி கிளப்பினேன். வண்டி மேல் குற்றமில்லை. இரண்டாவதில், தேவைப்பட்டால் முதல் கியரில், இன்ஜினைக் கத்தவிட்டுத் திருப்ப வேண்டிய வண்டி இது. இருபதாவது வளைவில் காது பழகியது. முப்பதில் கை பழகியது. நாற்பதைத் தாண்டும்போது, உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு இருபத்திரண்டு வயது.

வளைவின் முடிவை மட்டும் பார்த்தால் போதும், உடம்பு சாய்கிறது, வண்டியும் சாய்கிறது. பழைய வண்டியில் கொஞ்சம் அதிகமாகச் சாய்த்தாலே ஃபுட் ரெஸ்ட் ரோட்டில் உரசி 'போதும்டா' என்று சொல்லும். இதில் அந்தத் தடையே இல்லை. மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் குளிர்ந்த காற்றும் இரண்டு பக்கமும் மாறி மாறி வந்தன. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன்னால் வண்டியை நிறுத்தினேன். குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். அவர் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. 'புல்லட் சார்' என்று என்னைக் கூப்பிட்டவர்களை அதற்குப் பிறகு நான் தப்பாக நினைப்பதில்லை.

இறங்கும்போதுதான் அது நடந்தது.

தண்டர்பேர்டில் அறுபதில் போனால் அறுபது என்று தெரியும். அதிர்வு, சத்தம், காற்று எல்லாம் சேர்ந்து சொல்லிவிடும். இதில் அறுபது என்பது முப்பத்தைந்து மாதிரி இருக்கிறது. மேலேறும்போது வந்த தைரியமும் சேர்ந்துகொண்டது. ஒரு இடது பக்க வளைவுக்குள் தேவைக்கு மேல் வேகமாக நுழைந்துவிட்டேன். எதிரே கீழிருந்து அரசுப் பேருந்து ஏறி வருகிறது. பயத்தில் முன் பிரேக்கைக் கவ்வினேன். சாய்ந்திருக்கும் வண்டியில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிமிரும். நிமிர்ந்தால் நேராகப் போகும். நேராகப் போனால் பேருந்து. கண்ணும் பேருந்தையே பார்க்கிறது. கண் போகிற இடத்துக்குத்தானே வண்டி போகும்!

டிரைவர் வளைவிலேயே பேருந்தை நிறுத்திவிட்டார். ஏபிஎஸ் புண்ணியத்தில் சக்கரம் வழுக்கவில்லை. பேருந்தின் முன் பம்பருக்கும் எனக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார் டிரைவர். "ஏன்டா தம்பி, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன். நரைத்த மீசையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "சார்... நீங்களுமா சார்?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த 'நீங்களுமா' காரவள்ளி வரைக்கும் காதில் ஒலித்தது. மீதி வளைவுகளை, முன்னால் போன பலாப்பழ லாரிக்குப் பின்னாலேயே இறங்கி முடித்தேன்.

மனைவியிடம் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். சாப்பிடும்போது கை லேசாக நடுங்கியதைப் பார்த்துவிட்டாள். சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வண்டியை விற்கச் சொல்வாள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய பழைய ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்து வைத்ததை மட்டும் பார்த்தேன்.

நான் இரண்டு காரியம் செய்தேன். வண்டியில் நான்கு ஓட்டும் முறைகள் உண்டு: மழை, நகரம், ஸ்போர்ட், டிராக். மழை, நகரம் இரண்டிலும் இன்ஜின் சக்தி 34 குதிரையிலிருந்து சுமார் 26 குதிரைக்குக் குறைந்துவிடும். நகர முறையிலேயே வைத்துக்கொண்டேன். அடுத்து, ஞாயிறு காலைகளில் ஆளில்லாத மைதானத்தில் பயிற்சி. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிட்டு, பிறகு திரும்புவது. அவ்வளவுதான் பயிற்சி. கேட்பதற்குச் சின்ன விஷயம். முப்பது வருடப் பழக்கத்தை மாற்ற ஆறு ஞாயிறு ஆனது. வேடிக்கை என்னவென்றால், ரோட்டில் இவ்வளவு சுலபமாக வளைகிற வண்டி, மைதானத்தில் யூ டர்ன் போடும்போது முரண்டு பிடிக்கும். ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும். அந்த விஷயத்தில் தண்டர்பேர்டு தங்கம்.

ஏழாவது சனிக்கிழமை ராத்திரி மனைவி கேட்டாள்.

"நாளைக்குக் கொல்லிமலை போறீங்களா?"

"போலாம்னு இருக்கேன்."

"நானும் வர்றேன்."

"எதுல? இதுல நீ உட்கார முடியாது."

"பஸ்ல வர்றேன். நீங்க பஸ்ஸுக்குப் பின்னாடியே வாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். காலையில் ஆறு மணிக்கெல்லாம் புளிசாதம் கட்டி, பழைய ஹெல்மெட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி நின்றாள். "பஸ்ஸுக்கு எதுக்கு ஹெல்மெட்?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

அவளை முன் பக்கம் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நான் பின்தொடர்ந்தேன். எழுபது வளைவுகளையும் ஒரு பேருந்துக்குப் பின்னால் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வளைவிலும் பேருந்து நின்று, உறுமி, திரும்பும். 34 குதிரை சக்தியை வைத்துக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்தேன். கிளட்ச் பிடித்தே இடது கை செத்துவிட்டது. நாற்பதாவது வளைவில் கொஞ்சம் பின்தங்கி நின்றேன். அண்ணாந்து பார்த்தால், மேல் அடுக்கு ரோட்டில் பேருந்து போகிறது. ஜன்னலில் அவள் முகம். கீழே எட்டிப் பார்த்து என்னைத் தேடுகிறாள். தெரிந்ததும் கையை வெளியே நீட்டி, கண்டக்டர் திட்டியிருப்பார் போல, சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் நாற்பதைத் தாண்டியும் தூங்காமல் வந்தது அன்றைக்குத்தான்.

செம்மேட்டில் இறங்கினாள். அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு இன்னொரு பேருந்து. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேலான படிகள் இறங்க வேண்டும். அது அவள் முழங்காலுக்கு ஆகாது. கோயில் வாசலிலேயே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் சோளக்காட்டில் அவள் பேருந்து கொஞ்ச நேரம் நிற்கும் என்றார்கள். இறங்கி வந்தாள். அதே அன்னாசிப்பழ அம்மா. மிளகாய்த்தூள் உப்பு தடவி இரண்டு துண்டு கொடுத்தார். "அக்கா, வண்டிய மாத்திட்டீங்களா?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

"ஆமாம்மா. இது எப்படி இருக்குன்னு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு மனைவி பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். நான் பதறிப்போய், "முழங்கால்..." என்றேன். அவள் பின் சீட் பக்கமே போகவில்லை. சைடு ஸ்டாண்டில் நின்ற வண்டியின் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக நேராக நிமிர்த்தினாள். நான் மறுபக்கம் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தேவைப்படவில்லை.

"இதை நானே நிமித்திருவேன் போலிருக்கே" என்றாள். மறுபடி ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, கீழே சரிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ஒரு தட்டைக் கல்லைக் காலால் தள்ளி ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

டிரைவர் ஹாரன் அடித்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேருந்தில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தாள்.