குப்பையில் குன்றிமணி

குமரி மாவட்டக் கடலோரத்தில் பிறந்து வளரும் எங்களுக்குக் கருமணல் புதிதன்று. காலில் ஒட்டிய மணலை வாசற்படியில் உதறிவிட்டே வீட்டுக்குள் நுழைவோம். அந்த மணலின் வரலாற்றைப் படித்தபோது எங்களுக்குப் பெருவியப்பு உண்டாயிற்று.

அந்நாளில் எங்கள் கரை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கிருந்து ஏற்றுமதியான தென்னை நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலே, 1909-ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதிலுள்ள தோரியம் வாயு விளக்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் அவ்வாறு பிறந்தது.

ஆனால் மோனசைட்டில் தோரியம் நூற்றில் பத்துப் பங்களவே. பாதிக்கு மேல் இருப்பவை அருமண் தனிமங்கள். அவற்றை அன்று கேட்பாரில்லை. ஆலைக் கழிவாகக் குவிந்தன. மேண்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரிய அறிஞர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் அக்குவியலைப் புறக்கணிக்கவில்லை. அதிலிருந்த சீரியத்தோடு இரும்பைச் சேர்த்து, உரசினால் பொறி பறக்கும் லைட்டர் கல்லை உருவாக்கி, 1903-இல் காப்புரிமை பெற்றார். அவரே 1885-இல் பிரித்தறிந்த நியோடிமியம், இன்று ஒலிபெருக்கிகளிலும் மின்வாகனங்களிலும் வலிமைமிக்க காந்தமாக விளங்குகிறது. குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்குமா?

காலம் எப்படித் திரும்பிவிட்டது பாருங்கள்! இன்று உலகம் தேடுவது அருமண். எஞ்சி நிற்பது தோரியம். ஸ்வீடன் நாட்டில் இரும்புச் சுரங்கக் கழிவிலிருந்தும் அருமண் எடுக்க முனைந்துள்ளனர். மகிழ்ச்சியே. ஆயினும் தோரியம் கதிரியக்கம் உடையது. அதைக் கண்ட இடத்தில் கொட்ட இயலாது. தலைமுறை தலைமுறையாகக் காத்து வைக்க வேண்டும்.

எங்கள் வீடுகளில் கருமணலைப் பற்றி இருவிதப் பேச்சு உண்டு. அது சோறு போடுகிறது என்பார் சிலர். கரை கரைந்துவிடுமோ, நோய் வந்துவிடுமோ என்று அஞ்சுவார் பலர். இரண்டையும் கேட்டே நாங்கள் வளர்கிறோம். மீனை ஆய்ந்தவள் செதிலையும் குடலையும் அப்படியே விட்டு எழுந்தால் அம்மா விடுவார்களா? கழிவிலிருந்து செல்வத்தை எடுப்பது பாதி வேலை. எஞ்சியதைப் பிறருக்குத் தீங்கின்றிக் காப்பது மறுபாதி.

தங்கையரே, வேதியியலை விருப்பத்துடன் படியுங்கள். அந்த மறுபாதி வேலைக்கு இக்கரையின் பெண்களும் தேவைப்படுவார்கள்.