சுகத்தை வைத்தியருக்கும் காண்பியுங்கள்



இம்மாதம் நான் எழுத எடுத்துக்கொண்ட காரியம் நம் வீடுகளில் கூச்சத்தோடு பேசப்படுவது. பல வீடுகளில் பேசப்படாமலே மறைக்கப்படுவது. பதற்றத்திற்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சிறிய மாத்திரைகளைப் பற்றியதே அது.

போபோடியில் ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெபத்திற்கென்று முன்னே வருகிறவர்களின் விண்ணப்பங்களைக் கேட்டால், பாதிக்குமேல் ஒரே விதமாக இருக்கும். "பாஸ்டர், நெஞ்சு படபடக்கிறது." "ஐயா, இராத்திரி கண் மூட முடியவில்லை." ஊரையும் உறவையும் விட்டு வந்த ஜனங்கள் நாம். வாடகை, வட்டி, பிள்ளைகளின் படிப்பு, இரவு ஷிப்ட், ஊரில் தனித்திருக்கும் தாய் தகப்பன், இன்னும் சரியாக வாயில் வராத மராத்தி என்று பல பாரங்கள் ஒரே நெஞ்சில் ஏறுகின்றன. மாரடைப்போ என்று பயந்து மருத்துவமனைக்கு ஓடுகிறோம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, "இருதயத்தில் ஒன்றுமில்லை, இது பதற்றம்" என்று சொல்லி மருத்துவர் ஒரு சீட்டு எழுதித் தருகிறார்.

அந்தச் சீட்டு வீட்டுக்கு வந்தபின் நம்மில் இரண்டு வகையானவர்களைக் காண்கிறேன். ஒரு சாரார் மாத்திரை அட்டையை வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் மறைத்து வைத்து, மருத்துவரைத் திரும்பப் பார்க்காமலே மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். மறு சாரார், ஒரு கூட்டத்தில் சுகம் பெற்றதாக விசுவாசித்து, அன்றிரவே அட்டையைக் குப்பையில் எறிகிறார்கள். முந்தினவர்கள் அவிசுவாசிகள் என்றும் பிந்தினவர்கள் விசுவாச வீரர்கள் என்றும் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இரு சாராரும் ஒரே ஆபத்தில் நிற்கிறார்கள். மருத்துவர் அறியாமல் தொடர்கிறவரும், மருத்துவர் அறியாமல் நிறுத்துகிறவரும் தங்கள் ஜீவனோடு விளையாடுகிறார்கள்.

இந்த மருந்து என்ன செய்கிறது?

அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம், டயசெபாம் ஆகிய இவை யாவும் ஒரே குடும்பத்து மருந்துகள். நம் மூளையில் கிளர்ச்சியைத் தணிப்பதற்கென்று காபா என்னும் ஓர் இரசாயனத்தைச் சிருஷ்டிகர் வைத்திருக்கிறார். இம்மருந்துகள் அதன் வேலையைப் பலப்படுத்துகின்றன. ஆகையால் சிறிது நேரத்திற்குள் படபடப்பு அடங்குகிறது, தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது. கடும் பதற்றத்தில் தத்தளிக்கிறவருக்குச் சில நாட்களுக்கு இது பெரிய உதவி. அதை மறுப்பது நன்றிகெட்டதனம்.

இக்குடும்பத்தின் முதல் மருந்தை லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியல் அறிஞர் கண்டுபிடித்தார். அது 1960-இல் லிப்ரியம் என்ற பெயரிலும், அதற்கு அடுத்தது 1963-இல் வாலியம் என்ற பெயரிலும் கடைக்கு வந்தன. தீங்கற்ற மருந்தென்று எண்ணி உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் வாங்கி உண்டார்கள். பின்னரே மறுபக்கம் வெளிப்பட்டது. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தால் உடல் அதற்குப் பழகிவிடும். பழகியபின் திடீரென நிறுத்தினால் உடல் கலகம் செய்யும். இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியை ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளிலிருந்து வெளிவர விரும்புகிறவர்களுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்தினார். மெதுவாக, ஆளுக்கேற்றபடி, படிப்படியாகக் குறைப்பதே அவர் கைக்கொண்ட வழி. பிரிட்டனில் 1988-இலேயே இம்மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் பொதுவாகக் கொடுக்கலாகாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-இல் இக்குடும்பம் முழுவதற்கும் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது.

நம் தேசத்திலும் சட்டம் உண்டு. அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணையின் கீழ் வந்தன. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து, மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்திற்குள் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். தெரிந்த கடை என்று சொல்லிச் சீட்டில்லாமல் வாங்கி வருகிறவர், தமக்காக இடப்பட்ட வேலியைத் தாமே பிடுங்கிப் போடுகிறார்.

பிசாசின் போராட்டமா, மருந்தின் விளைவா?

அருமையானவர்களே, இக்கட்டுரையை எழுத என்னை ஏவிய காரியம் இதுதான், தயவாய்க் கவனியுங்கள். ஒருவர் பல மாதங்களாக அல்பிரசோலம் எடுத்துவருகிறார். மூன்று நாள் உபவாச ஜெபத்தில் கலந்துகொண்டு மாத்திரையை விட்டுவிடுகிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, உடல் வியர்க்கிறது, தூக்கம் முற்றிலும் போய்விடுகிறது. சிறு சத்தமும் இடிபோல் கேட்கிறது. இனம் தெரியாத திகில் பிடிக்கிறது. சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிகின்றன. சிலருக்கு வலிப்பு வந்து கீழே விழுகிறார்கள்.

நம் கூட்டங்களில் இதைக் காண்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "சத்துரு போராடுகிறான்" என்பார்கள். சுற்றி நின்று சத்தமிட்டு, கட்டி ஜெபிப்பார்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது மருத்துவமனை. பிசாசின் கிரியை உண்டென்று நானும் விசுவாசிக்கிறேன். வேதம் அதைப் போதிக்கிறது. ஆனால் திடீரென நிறுத்தப்பட்ட மருந்தினால் உண்டாகும் நடுக்கத்தைப் பிசாசென்று எண்ணி மணிக்கணக்கில் காலம் கடத்தினால், ஒரு ஜீவன் நம் கண்முன்பாகவே போய்விடக்கூடும். பகுத்தறியும் வரம் என்று நாம் பேசுகிறோமே, "கடைசியாக மாத்திரை எடுத்தது எப்போது?" என்று கேட்பதும் அதில் சேர்ந்ததுதான்.

வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணியை வைத்து, 108-க்கு அழையுங்கள். ஜெபத்தை வண்டியில் ஏறியும் செய்யலாம்.

வேதம் காட்டும் ஒழுங்கு

பத்துக் குஷ்டரோகிகள் கெஞ்சியபோது ஆண்டவர் அவர்களை எங்கே அனுப்பினார்? ஆசாரியர்களிடம் தங்களைக் காண்பிக்கும்படி அனுப்பினார் (லூக்கா 17). சுகத்தைச் சோதித்து அறிவிக்க நியாயப்பிரமாணம் நியமித்திருந்த அதிகாரி ஆசாரியனே. அவன் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லாமல், ஏழு நாள் காத்திருந்து மறுபடியும் பார்க்கும் ஒழுங்கை லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தாம் அருளிய சுகம் சோதிக்கப்படுவதைக் குறித்து நம் ஆண்டவர் அஞ்சவில்லை. நாம் ஏன் அஞ்சவேண்டும்? மெய்யான சுகம் மருத்துவரின் மேசைக்கு முன்பாகவும் சுகமாகவே நிற்கும். அவர் பரிசோதித்து, வாரம் வாரமாக அளவைக் குறைத்து முடிக்கும்போது உங்கள் சாட்சி இன்னும் உறுதிப்படும்.

எசேக்கியா ராஜாவை நினைத்துப் பாருங்கள். அவன் அழுது ஜெபித்தான். கர்த்தர் கேட்டு 15 ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்தார். அந்த வாக்குத்தத்தத்தைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான், கட்டியின்மேல் அத்திப்பழ அடையை வைக்கவும் சொன்னான் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயிலிருந்து புறப்பட்டன.

நம் தேசத்து ஊழிய சரித்திரத்திலும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1907-இல் இந்தியா வந்த அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ், ஊழியத்தின் பாரத்தால் நரம்புத் தளர்ச்சியடைந்து பலமுறை விழுந்துபோனார். லக்னோவில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஆண்டவர் தம்மைத் தொட்டுச் சுகமாக்கினார் என்று 1925-இல் வெளியான தம் நூலில் சாட்சி எழுதியிருக்கிறார். அப்படி ஜெபத்தினால் சுகம் பெற்றவரே, 1950-இல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்னும் கிறிஸ்தவ மனநல மருத்துவமனை உண்டாக வழிசெய்தார். தாம் பெற்ற அற்புதத்தைக் காட்டிப் பிறருக்கு வைத்தியத்தை மறுக்கவில்லை.

பாதுகாப்பாய் எடுத்துக்கொள்ள

1. இதை வாசித்துவிட்டு இன்றே மாத்திரையை நிறுத்திவிடாதிருங்கள். நிறுத்த விரும்பினால் எழுதிக்கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். எத்தனை வாரத்தில் எவ்வளவு குறைப்பது என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

2. முதல் நாளிலேயே கேளுங்கள்: "இது எத்தனை நாளுக்கு? எப்போது திரும்ப வரவேண்டும்?" இந்தியிலோ மராத்தியிலோ பேச இயலாவிட்டால், பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

3. அட்டையிலுள்ள மருந்தின் பெயரை வாசியுங்கள். ஒரு தாயார் கைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து என்னிடம் காட்டினார்கள். ஒன்று புனேயில் எழுதியது, மற்றொன்று திருநெல்வேலியில் எழுதியது. ஒன்றில் அல்பிராக்ஸ் என்றும் மற்றொன்றில் ரெஸ்டில் என்றும் இருந்தது. இரண்டும் அல்பிரசோலமே! இரண்டையும் சேர்த்து உண்டு, காலையில் குளியலறையில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். முதியோருக்கு இம்மருந்தினால் தள்ளாட்டமும் மறதியும் விழுந்து எலும்பு முறிவதும் எளிதில் நேரிடும்.

4. சில மாத்திரைகளில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். எஸ்சிட்டாலோபிராமும் குளோனசெபாமும் கலந்த மாத்திரை அதற்கு உதாரணம். முந்தினது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அதையும் திடீரென நிறுத்தலாகாது.

5. மதுவோடு இதைச் சேர்ப்பது மரணத்தோடு உடன்படிக்கை செய்வது. இருமலுக்கான கோடீன் கலந்த மருந்தும், முதுகுவலிக்கான டிரமடாலும் அப்படியே. மூச்சு மெதுவாகி நின்றுபோகக்கூடும். வேறு மருத்துவரிடம் போனாலும் நீங்கள் எடுக்கும் யாவற்றையும் சொல்லுங்கள்.

6. ஆட்டோ ஓட்டுகிறவர்களும், சாரத்தில் ஏறுகிறவர்களும், பிம்ப்ரி-சிஞ்ச்வாட் தொழிற்சாலைகளில் இயந்திரம் இயக்குகிறவர்களும் தங்கள் வேலையை மருத்துவரிடம் முன்னமே அறிவிக்க வேண்டும். கர்ப்பவதிகளும் பாலூட்டும் தாய்மாரும் அப்படியே.

7. உங்கள் மாத்திரையை அன்பினால்கூட அடுத்த வீட்டுச் சகோதரிக்குக் கொடாதிருங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

8. ஊருக்குப் போகையில் போகவர வேண்டிய நாட்களுக்கான மாத்திரையையும் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உபவாச நாட்களில் மருந்தை எப்படி எடுப்பதென்று மருத்துவரைக் கேளுங்கள். உணவை விட்டு உபவாசிக்க இயலாதவர் வேறு விதத்தில் தம்மை ஒடுக்கலாம்.

பணமில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போபோடியிலிருந்து மெட்ரோ ஏறி, இடையில் வண்டி மாறி, புனே ரயில் நிலையத்தில் இறங்கினால் அரசின் சசூன் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவும் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைத்துத் தமிழிலும் பேசலாம். சாகவேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வருமானால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம்.

உடன் ஊழியர்களுக்கு

ஊழியத்திலுள்ள என் சகோதரருக்கும் தாழ்மையாய்ச் சொல்லுகிறேன். ஜெபத்திற்கு வருகிறவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்: என்ன மருந்து எடுக்கிறீர்கள்? கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? மருத்துவரை அடுத்து எப்போது பார்க்கிறீர்கள்? அதன்பின் கை வைத்து, சுகமளிக்கும் தேவனை நோக்கி முழு விசுவாசத்தோடே ஜெபிக்கிறேன். "மாத்திரையை எறிந்துவிட்டேன்" என்பதைச் சாட்சி நேரத்தில் கைதட்டி வரவேற்குமுன், "மருத்துவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பத்துப்பேர் அதைக் கேட்டு அன்றிரவே அப்படிச் செய்யக்கூடும். மருந்துக்கு உடல் பழகிப்போனவரைப் பாவியென்றும் எண்ணாதிருங்கள். அது உடலின் இயல்பு. அவருக்கு வேண்டியது பொறுமையான துணை.

பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் கவலையை ஜெபமாக மாற்றக் கற்பிக்கிறது. அந்தப் பாடத்தை மாத்திரை கற்பிக்காது. வீட்டு வாடகையையும் தனிமையையும் எந்த மாத்திரையும் தீர்க்காது. அதற்குச் சபை வேண்டும், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் ஐக்கியம் வேண்டும், மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும். இந்த வாரத்தில் உங்கள் பக்கத்து வரிசையில் அமருகிறவரிடம், "தூக்கம் வருகிறதா?" என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். மறைத்து வைத்திருக்கும் அட்டையைப்பற்றி அவர் முதன்முதலாகப் பேசுவது உங்களிடமாய் இருக்கலாம். பேசினால் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். அவரோடுகூட மருத்துவரிடம் போங்கள். அவரோடுகூட முழங்காலிலும் நில்லுங்கள்.

சமாதானத்தின் கர்த்தர் உங்கள் நித்திரையையும் உங்கள் விழிப்பையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.