குதிரை ஏறாத குதிரைக் கழகம்

குதிரை என்றதும் எங்கள் கண்முன் முதலில் வந்து நிற்பவை புல் தின்னாத குதிரைகள்தாம்! ஐயனார் கோயில் வாசலில் மண்ணாலும் சுதையாலும் செய்து நிறுத்திய குதிரைகள், திருவிழாவில் வீதியுலா வரும் மரக் குதிரை வாகனம், நம் ஆலயங்களில் புனித சந்தியாகப்பர் ஏறி வரும் வெள்ளைக் குதிரை, இராட்டினத்தில் சுற்றும் தகரக் குதிரை. இவற்றுக்குக் கொள்ளு வேண்டாம். தண்ணீர் காட்ட வேண்டாம். லத்தி அள்ள வேண்டாம். ஏறி அமர்ந்தால் போதும். உயிருள்ள குதிரையும் அப்படித்தான் என்று எண்ணியிருந்தோம் நாங்கள் ஐவர்.

எங்கள் எண்ணத்தைத் திருத்த வந்தது ஒரு மட்டக்குதிரை. பெயர் சிட்டு.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு என்றால் பன்னிரண்டு நாளும் ஊர் கொள்ளாத கூட்டம். கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் அந்தத் திருநாளுக்குப் பல ஊர்களிலிருந்தும் கடைக்காரர்களும் இராட்டினக்காரர்களும் வருவார்கள். அவர்களோடு ஒரு தாத்தாவும் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைகளை ஏற்றிப் பொட்டலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதே அவர் பிழைப்பு. திருவிழா முடிந்ததும் சிட்டுவின் முன்னங்காலில் வீக்கம். எனவே தாத்தா உடனே அடுத்த ஊருக்குப் புறப்படாமல், எங்கள் விடுதியின் பின்புறக் காலி மனையில் கொட்டகை போட்டுத் தங்கினார். உடன் அவருடைய பேரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன்.

வேலிக்கு இந்தப்பக்கம் நாங்கள்; அந்தப்பக்கம் சிட்டு. மாலைப் படிப்பு நேரத்தில் அது கனைத்தால் எங்கள் புத்தகத்தில் எழுத்துகள் எல்லாம் குதிரையாய் ஓடும்!

ஆகஸ்ட் 15ஆம் நாள். நாட்டுக்குச் சுதந்திரத் திருநாள். நமக்கு அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. இரட்டை விழாவுக்கு விடுதியில் சர்க்கரைப் பொங்கலும் சோறும் மிகுந்துவிட்டன. "பாவம், சிட்டுவுக்கு மட்டும் இன்றும் காய்ந்த புல்லா?" என்றாள் எங்களில் ஒருத்தி. அவ்வளவுதான். சாப்பாட்டு அறையில் மிஞ்சியதை ஒரு வாளியில் வழித்துப் போட்டு, யாரும் பாராமல் வேலியின் இடைவெளி வழியே வைத்தோம். சிட்டு வாளியின் அடியை நக்கும் வரை தின்றது. எங்களுக்கு ஏதோ பெரிய அறச்செயல் செய்த நிறைவு! கொட்டகை ஓரத்தில் அந்தச் சிறுவன் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு பத்து மணிக்குச் சிட்டு தரையில் விழுந்து புரண்டது. எழுந்தது, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது, மறுபடியும் விழுந்தது. தாத்தா தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். கால்நடை மருத்துவர் வந்து, மூக்கின் வழியே நீண்ட குழாயைச் செலுத்தி மருந்து ஊற்றினார், ஊசி போட்டார், புரளவிடாமல் மெல்ல நடத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். மாடிச் சன்னலில் நின்ற நாங்கள் நள்ளிரவைத் தாண்டியும் அந்த விளக்கொளியில் குதிரையும் மனிதரும் மனையைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தோம். செபமாலையைக் கையில் பிடித்திருந்தோமே தவிர, வாயில் செபம் வரவில்லை.

விடியற்காலையில் சிட்டு பிழைத்துவிட்டது. அப்போதுதான் தாத்தாவின் குரல் கேட்டது. "ஏலே, குப்பை மேட்டுல மேய விட்டியா? உள்ளதைச் சொல்லு!" அடி விழும் ஓசை. பேரன் அழுதான்; ஆனால் எங்களைக் கைகாட்டவில்லை. அந்த அழுகை எங்கள் காலை உணவை இறங்கவிடவில்லை.

விடுதிப் பொறுப்பாளரான அருட்சகோதரியிடம் போய் நின்றோம். நடந்ததைச் சொன்னோம். அவர்கள் கோபிப்பார்கள் என்று நடுங்கினோம். அவர்களோ எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "என்னிடம் சொன்னது சரி. ஆனால் சொல்ல வேண்டிய இடம் வேலிக்கு அந்தப்பக்கம் அல்லவா இருக்கிறது?" என்றார்கள். பிறகு தாமும் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு வந்தார்கள்.

தாத்தா கேட்டுக்கொண்டே நின்றார். கண் கலங்கியது. பேரனை இழுத்து அணைத்துக்கொண்டார். "நீ பார்த்தியாலே? ஏன் சொல்லலை?" என்றார். "அக்காமாரு ஆசையாத்தான் போட்டாங்க" என்றான் அவன். எங்களால் தலை நிமிர முடியவில்லை. தாத்தா எங்களிடம், "பிள்ளைகளா, அது வாயில்லா சீவன்லா! என்ன செய்யுதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நீங்களாவது வந்து சொன்னியளே, அது போதும்" என்றார். நாங்கள் அந்தச் சிறுவனிடம் தனியே மன்னிப்புக் கேட்டோம்.

மருந்துச் செலவை எங்கள் கைச்செலவுப் பணத்தில் கொடுத்தோம். அதோடு அருட்சகோதரி ஒரு பரிகாரம் விதித்தார்கள். பெற்றோரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, தினமும் மாலை அரைமணி நேரம் ஐவரும் தாத்தாவுக்கு உதவ வேண்டும். இப்படிப் பிறந்ததுதான் எங்கள் குதிரைக் கழகம்!

முதல் வாரம் லத்தி அள்ளினோம், மூக்கைப் பொத்திக்கொண்டுதான். இரண்டாம் வாரம் அறுகம்புல்லை அலசிப் போடக் கற்றோம். பின்னால் போய் நிற்கக் கூடாது, அங்கே அதற்குக் கண் தெரியாது, இடப்பக்கத் தோளருகே பேசிக்கொண்டே நெருங்க வேண்டும் என்று தாத்தா சொல்லித் தந்தார். தோளிலிருந்து கையை மெல்லக் கீழே தடவிக்கொண்டு போனால் சிட்டு தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும்; நடுவிலுள்ள முக்கோண வடிவ மெத்தைப் பகுதியைக் குத்திவிடக் கூடாது. கொள்ளை ஊறவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பரிகாரம் எப்போது பாசமாக மாறியதென்று எங்களுக்கே தெரியாது.

இதை அறிந்த எங்கள் வரலாற்று ஆசிரியை வகுப்பில் ஒரு செய்தி சொன்னார்கள். நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே காயல் என்னும் துறைமுகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்துப் பயணியான மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதினார். ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து பாண்டியர்களுக்காகக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தனவாம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பொன் கொடுத்து வாங்கியும் ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிரோடு இருக்குமாம். காரணம்? பேணத் தெரிந்தவர்கள் இல்லை; சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். வகுப்பே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பாண்டிய மன்னர் செய்த தவறையே நாங்களும் ஒரு வாளி அளவில் செய்திருக்கிறோம்!

காலாண்டு விடுமுறையில் பள்ளிச் சுற்றுலா. பொதிகை விரைவு ரயிலில் ஏறி மறுநாள் காலை எழும்பூரில் இறங்கினோம். சாந்தோம் பேராலயம், பரங்கிமலை எல்லாம் கண்டு வணங்கினோம். மறுநாள் விடியலில் வேப்பேரி. அங்கே 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நம் பள்ளியின் முன்னாள் மாணவியான அக்கா ஒருவர் படிக்கிறார். தேசிய மாணவர் படையின் குதிரை மற்றும் கால்நடைப் பிரிவு அங்கே இயங்குகிறது. மாணவர்களோடு மாணவியரும் அதில் சேர்ந்து குதிரையேற்றம் பழகுகிறார்கள். முன் அனுமதி பெற்று நாங்கள் பார்க்கப் போனோம்.

தடை தாண்டுவார்கள், வேகமாய் ஓட்டுவார்கள் என்று ஆவலோடு நின்றோம். ஆனால் நெடுநேரம் யாரும் குதிரைமேல் ஏறவில்லை! காலணி மாட்டிய அக்காமார் துடைப்பமும் தூரிகையுமாக லாயத்துக்குள் நின்றார்கள். ஒருவர் லத்தி அள்ளினார். ஒருவர் குளம்பைச் சுத்தம் செய்தார். ஒருவர் பிடரி மயிரைச் சீவினார். மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடே இல்லை. மூத்தவர் சேணத்தின் வாரை இறுக்கிக் காட்ட, இளையவர் விரலைவிட்டு இறுக்கம் பார்த்துக் கற்றுக்கொண்டார். பிறகே கடிவாளம் பூட்டி, அங்கவடியில் இடக்கால் வைத்து ஏறினார்கள். ஒரு மாணவி சறுக்கி மணலில் விழுந்தார். எழுந்ததும் முதலில் தம் முழங்காலைப் பார்க்கவில்லை. குதிரையின் கால்களைப் பார்த்தார். சவாரி முடிந்ததும் வியர்வை ஆறும்வரை குதிரையோடு நடந்தார்கள்.

"ஏன் அக்கா எங்கள் சிட்டுவுக்கு அப்படி ஆயிற்று?" என்று கேட்டோம். அக்கா பொறுமையாக விளக்கினார். குதிரையின் வயிறு அதன் உடலை நோக்கச் சிறியது. பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மாட்டின் முதல் வயிறோ 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். மாடு அசைபோடும், குதிரை அசைபோடாது. ஒவ்வாததைத் தின்றுவிட்டால் குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. அதன் உடலமைப்பு அப்படி. சோறும் இனிப்பும் ஒரேயடியாக உள்ளே போனால் புளித்து, காற்று அடைத்து, உயிருக்கே ஆபத்தாகும். "அன்பு இருந்தது உங்களிடம், அறிவு இல்லை. இங்கே நாங்கள் கற்பது அந்த இரண்டாவதைத்தான்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். குதிரையேற்றத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில் ஒன்றாகக் கலந்துகொள்கிறார்கள், ஒலிம்பிக்கிலும் அப்படியே. 2023 செப்டம்பர் 26 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், குதிரையை இசைவாக நடைபயிலச் செய்யும் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. 1982இல் டெல்லியில் வென்றதற்கு 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம் அது. அந்த நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என இருவர் பெண்கள்! எங்கள் தோள்கள் தாமாகவே நிமிர்ந்தன.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் தாத்தாவிடம் ஒப்பித்தோம். அவர் சிரித்தார். "இதெல்லாம் நம்ம சிட்டு எனக்கு முன்னாடியே சொல்லிட்டுல்லா!" உண்மைதான். கல்லூரியில் படிக்கும் அக்காவும் கையெழுத்து மட்டுமே அறிந்த தாத்தாவும் எங்களுக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லித் தந்தார்கள். ஒன்று மட்டும் தாத்தா அறியாதது. ஆணி குத்திய புண் வழியே குதிரைக்கு வில்வாத ஜன்னி எளிதில் வரும், அதற்குத் தடுப்பூசி உண்டு என்று அக்கா சொல்லியிருந்தார். தாத்தா மறுநாளே கால்நடை மருத்துவமனைக்குச் சிட்டுவை நடத்திச் சென்று ஊசி போட்டு வந்தார்.

தை பிறந்தது. சிட்டுவின் கால் முற்றும் குணமாகிவிட்டது. தாத்தாவுக்கும் அடுத்த திருவிழா அழைத்தது. புறப்படும் நாளன்று காலை அவர் சேணத்தைக் கட்டிக்கொண்டு வந்து, "இத்தனை நாள் லத்தி அள்ளினீங்க. வாங்க தாயி, ஆளுக்கொரு சுற்று!" என்றார்.

எத்தனை நாள் கனவு! ஆனாலும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு குதிரை, சேணத்தையும் சேர்த்துத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு என்று அக்கா சொல்லியிருந்தார். சிட்டுவின் எடை சுமார் 200 கிலோ என்று மருந்து கொடுத்த இரவில் மருத்துவர் மதிப்பிட்டிருந்தார். அப்படியானால் 40 கிலோ. எங்களில் நால்வர் அதைத் தாண்டியவர்கள். "எத்தனையோ பேரைச் சுமந்த குதிரை, ஒரு சுற்றுல என்ன ஆகிடும்?" என்றார் தாத்தா. "வேண்டாம் தாத்தா, இப்போதுதான் கால் ஆறியிருக்கிறது" என்றோம். எங்களில் மிகச் சிறியவள் மட்டும், 33 கிலோ எடையுள்ளவள், ஏறினாள். பேரன் கயிற்றைப் பிடித்தான். நாங்கள் நால்வரும் இருபுறமும் நடந்தோம். மனையை ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றில் ஐவருமே சவாரி செய்ததுபோல் இருந்தது.

பிறகு அவர்கள் போய்விட்டார்கள். இராஜபாளையம் சாலையில் குளம்பொலி தேய்ந்து மறையும்வரை அருட்சகோதரியும் எங்களோடு வாசலில் நின்றார்கள்.

அன்புத் தோழியரே! குதிரை ஓட்டக் கற்றீர்களா என்று கேட்டால், இல்லை என்பதே எங்கள் விடை. இப்போது எங்கள் கழகத்தில் குதிரையும் இல்லை. அந்தப் பழைய வாளி மட்டும் விடுதிப் பின்தாழ்வாரத்தில் இருக்கிறது. அன்று பொங்கல் போட்ட அதே வாளியில் இப்போது தெருநாய்களுக்கும் கன்றுகளுக்கும் தண்ணீர் வைக்கிறோம். வைக்குமுன் அதை நன்றாகக் கழுவுகிறோம். வேறு எதையும் போடுவதென்றால், அது அந்த உயிருக்கு ஆகுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுகிறோம். அடுத்த ஆண்டு நாங்கள் போனபின் அந்த வாளியை யார் எடுத்துக்கொள்வீர்கள்?

- விடுதி மாணவியர் ஐவர்,
பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.